பழைய மெக்கானிக்கல் கீபோர்டு: தேடுவதும் தேற்றுவதும்

என் மேசையில் இருக்கும் கீபோர்டின் சத்தத்தைக் கேட்டுவிட்டு யாராவது ஒருவர் பேச்சுக் கொடுப்பார். அடுத்த வாரமே அவர் வீட்டுப் பரணிலோ மாமாவின் கடையிலோ கிடந்த ஒன்றைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்து நிற்பார். எனக்கு இது தொழில் இல்லை, ஞாயிற்றுக்கிழமை வேலை. ஆனாலும் கேட்கப்படும் கேள்விகள் அநேகமாக ஒன்றே என்பதால் எழுதிவைத்துவிட்டேன். சென்னையில் என் கைக்கு வருபவை பெரும்பாலும் இரண்டு ரகம்: டிவிஎஸ் கோல்டு, எப்போதாவது ஐபிஎம் மாடல் எம். பதில்களும் அந்த இரண்டைச் சுற்றித்தான்.

எல்லா கீபோர்டும்தான் அழுத்தினா எழுத்து வருது. மெக்கானிக்கல்னு தனியா என்ன?

சாதாரண கீபோர்டில் கீகளுக்கு அடியில் ஒரே ரப்பர் விரிப்பு இருக்கும். அதில் கீக்கு ஒன்றாகச் சின்னச் சின்னக் குமிழ்கள். குமிழ் அமுங்கி அடித்தளத்தைத் தொட்டால்தான் எழுத்து விழும். நாளாக நாளாக ரப்பர் இறுகும், அல்லது தொய்யும். மெக்கானிக்கலில் ஒவ்வொரு கீக்கும் ஸ்பிரிங்குடன் தனிப் பொறி. பாதி வழியிலேயே எழுத்து பதிவாகிவிடும், அதை விரலும் காதும் உணரும். டைப்ரைட்டிங் லோயர், ஹையர் முடித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. உட்கார்ந்து நாலு வரி அடித்ததும் முகம் மாறிவிடும்.

வெளியிலிருந்து பார்த்தே சொல்லிட முடியுமா?

முடியாது. ஒரு கீயைக் கழற்றிப் பாருங்கள். டிவிஎஸ் கோல்டில் கீகேப்பை, அதாவது விரல் படும் தொப்பியை, நேராக மேலே இழுத்தால், உள்ளே கூட்டல் குறி வடிவில் நீலத் தண்டு தெரியும். அது ஜெர்மானிய நிறுவனமான செர்ரியின் எம்எக்ஸ் புளூ ஸ்விட்ச். டிவிஎஸ்ஸின் இன்னொரு கீபோர்டான சாம்ப்பைக் கோல்டு என்று நினைத்து வாங்கி வருபவர்கள் உண்டு. சாம்ப் ரப்பர் ரகம்தான்.

மாடல் எம்மில் கீயை எடுத்தால் ஒரு பிளாஸ்டிக் குழாயும் அதன் நடுவே நிற்கும் மெல்லிய ஸ்பிரிங்கும் தெரிய வேண்டும். இங்கேயும் ஏமாற ஒரு வழி இருக்கிறது. வெளித்தோற்றத்தில் அச்சு அசல் மாடல் எம் போலவே, உள்ளே ரப்பர் குமிழ் வைத்த கீபோர்டுகளை, ஐபிஎம்மிலிருந்து பிரிந்த லெக்ஸ்மார்க் நிறுவனம் செய்திருக்கிறது. ஸ்பிரிங் தெரியாவிட்டால் பேரத்தை நிறுத்திவிடுங்கள்.

எங்கே தேடணும்? ரிச்சி ஸ்ட்ரீட்ல கேட்டா சிரிக்கிறாங்க.

சிரிக்கத்தான் செய்வார்கள், அங்கே புதுச் சரக்கு விற்கிறார்கள். பழையது இருக்கும் இடம் வேறு: மூடப்போகும் டிடிபி சென்டர், பில்லிங் கம்ப்யூட்டரை மாற்றும் மருந்துக்கடை, ஆடிட்டர் ஆபீஸ் பரண், பழைய கம்ப்யூட்டர்களை மொத்தமாக ஏலம் எடுக்கும் வியாபாரிகளின் குடோன். டிவிஎஸ் கோல்டு இந்த மாதிரி இடங்களில் வருடக்கணக்கில் உழைத்த சரக்கு. டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸ் சென்னை நிறுவனம்தான். அதனால் நம் ஊரில் தேடினால் கிடைக்கும் என்ற நம்பிக்கை வீண்போகாது.

மாடல் எம் அப்படி இல்லை. பழைய ஐபிஎம் சர்வர், டெர்மினல் வைத்திருந்த பெரிய அலுவலகங்களின் கழிவில்தான் தலைகாட்டும். குடோன்காரரிடம் பெயர் சொல்லிக் கேட்காதீர்கள், அவருக்குத் தெரியாது. 'ரொம்ப கனமா, சத்தம் போடுற கீபோர்டு' என்று கேளுங்கள். எடைக்குப் போட எடுத்துவைத்திருந்த குவியலிலிருந்து எனக்கு ஒன்று வந்தது அப்படித்தான்.

மாடல் எம்னா ஏன் இவ்வளவு அலட்டல்?

அதன் ஸ்பிரிங்தான் காரணம். சாதாரண ஸ்பிரிங் அமுங்கும். இது ஒரு கட்டத்துக்கு மேல் தாங்காமல் பக்கவாட்டில் மடங்கும். மடங்கும்போது குழாயின் சுவரில் அடிப்பதுதான் அந்த 'டக்'. அதே நொடியில் ஸ்பிரிங்கின் அடியில் இருக்கும் சிறு சுத்தியல் சாய்ந்து கீழே உள்ள ஏட்டைத் தட்டுகிறது, எழுத்து விழுகிறது. உணர்வும் சத்தமும் பதிவும் ஒன்றாக நிகழ்வதால் விரலுக்கு ஏமாற்றமே இல்லை. ஐபிஎம்மின் ரிச்சர்ட் ஹன்டர் ஹாரிஸ் இந்த உத்திக்கு 1978இல் காப்புரிமை பெற்றார். முதலில் மாடல் எஃப் என்ற முந்தைய கீபோர்டில் வந்தது. 1985இல் செலவைக் குறைத்து மாடல் எம் ஆக்கினார்கள்.

செலவு குறைத்ததன் அடையாளம் அந்த ஏடு. மூன்றடுக்கு பிளாஸ்டிக் தாள், அதில் மின்தடங்கள். 'அப்படியானால் இதுவும் சாதாரண கீபோர்டு மாதிரி மெம்பரேன், அதாவது தாள் ரகம்தானே' என்று வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். வாதம் சரிதான். ஆனால் கையை வைத்து அடித்தபிறகு யாரும் அதைத் தொடர்ந்து பேசி நான் பார்த்ததில்லை.

பின்பக்க ஸ்டிக்கர்ல நிறைய நம்பர் இருக்கு. எதைப் பார்க்கணும்?

பார்ட் நம்பரும் தயாரித்த தேதியும். 1391401 என்று இருந்தால் அதிகம் புழங்கிய 101 கீ அமெரிக்க மாடல். உதிரிபாகத்துக்கும் உதவிக்கும் பஞ்சமில்லை. 1991இல் ஐபிஎம் தன் கீபோர்டு, பிரிண்டர் தொழிலை லெக்ஸ்மார்க் என்று தனியாகப் பிரித்தது. அதற்கு முந்தையவை கூடுதல் கனம், பிந்தையவை கொஞ்சம் இளைத்தவை. பிந்தையவற்றில் சிலவற்றில் தண்ணீர் வடிய வழி வைத்திருக்கிறார்கள். அதன் அருமை டீ கொட்டும்போது தெரியும்.

ஸ்டிக்கரைக் கழுவும்போது நனைத்துவிடாதீர்கள். அதுதான் அந்தக் கீபோர்டின் பிறப்புச் சான்றிதழ்.

வாங்குற இடத்துல போட்டுப் பார்க்க கம்ப்யூட்டர் இல்ல. என்ன சோதிக்கிறது?

நாலு விஷயம். எல்லாக் கீயையும் ஒவ்வொன்றாக அழுத்தி, சத்தம் ஒரே மாதிரி வருகிறதா என்று கேளுங்கள். கேபிள் உடம்போடு சேரும் இடத்தில் வளைத்துப் பாருங்கள், வெடிப்பு இருந்தால் உள்ளே கம்பி போயிருக்கும். கவிழ்த்து மெதுவாக ஆட்டி, உள்ளே ஏதாவது உருளுகிறதா என்று கேளுங்கள். கடைசியாக மோந்து பாருங்கள். இனிப்பும் புளிப்புமாக வாடை வந்தால் காபியோ கூல்டிரிங்க்கோ உள்ளே போயிருக்கிறது.

அழுக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அழுக்கு போய்விடும். உடைந்த மேல்மூடி, காணாமல் போன கீகேப், வெட்டப்பட்ட கேபிள் இதெல்லாம்தான் செலவு.

பச்சை ஊதா கன்வெர்ட்டர் போட்டு யுஎஸ்பியில சொருகினேன். லைட்கூட எரியல. செத்துப்போச்சா?

என்னிடம் 'செத்தது' என்று வந்தவற்றில் பாதிக்குமேல் இந்தக் கதைதான். அந்தச் சின்ன முனை உண்மையில் கன்வெர்ட்டரே இல்லை, வெறும் கம்பி இணைப்பு. யுஎஸ்பி, பிஎஸ்/2 (பழைய கம்ப்யூட்டர்களின் வட்டத் துளை) இரண்டு பாஷையும் தெரிந்த கீபோர்டுக்குத்தான் அது பயன்படும். 1980களில் பிறந்த மாடல் எம்முக்கு யுஎஸ்பி எங்கே தெரியும்? உள்ளே சிப் வைத்த, கொஞ்சம் நீளமான வால் உள்ள கன்வெர்ட்டர் வேண்டும். அதிலும் மலிவானது சில நேரம் மக்கர் செய்யும், ஏனென்றால் இந்தப் பழைய கீபோர்டுகள் இன்றையதைவிட அதிக மின்சாரம் இழுக்கும்.

நல்ல வழி, பிஎஸ்/2 துளை உள்ள ஒரு பழைய டெஸ்க்டாப்பில் சொருகிப் பார்ப்பது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத்தான் சொருக வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது சொருகிப் பிடுங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல அந்தத் துளை. ஆன் செய்ததும் மூன்று விளக்கும் ஒருமுறை கண் சிமிட்டினால் உயிர் இருக்கிறது. விளக்கே இல்லாத டெர்மினல் மாடல்களும் உண்டு, அவற்றின் முனை டெலிபோன், நெட்வொர்க் கேபிள் முனை போல இருக்கும். அவற்றுக்குத் தனிக் கன்வெர்ட்டர் தேவை, முதல் கீபோர்டாக வாங்க வேண்டாம்.

தண்ணியில போட்டுக் கழுவிடலாமா?

கீகேப்பைக் கழுவலாம். கீபோர்டைக் கழுவக் கூடாது. இந்த வித்தியாசம் புரியாமல் வாளியில் முக்கிக் கொண்டுவந்த ஒருவருக்கு நான் எதுவும் செய்ய முடியவில்லை.

முதலில் ஒரு போட்டோ எடுங்கள், எந்தக் கீ எங்கே என்று. பிறகு எல்லாவற்றையும் கழற்றி, பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவம் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஓர் இரவு ஊறப்போட்டு, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். கொதிநீர் வேண்டாம், மெல்லிய கேப்புகள் கோணிக்கொள்ளும். முறத்தில் பரப்பி நிழலில் காயவைக்கலாம். நூற்றுச் சொச்சம் கேப்புகளை மொட்டைமாடியில் பரப்பியிருந்ததை முதல்முறை பார்த்த என் அம்மா, 'இந்த வடாம் எப்ப பொரிக்கிறது?' என்று கேட்டார்.

உடம்புக்கு பிரஷ், ஊதும் பம்ப், செல்போன் ரிப்பேர் கடைகளில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். தின்னரும் அசிட்டோனும் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். ஒரு டிடிபி சென்டர் கீபோர்டில் எஃப் வரிசைக் கீகளுக்கு நடுவே சிமென்ட் போல ஏதோ இறுகிக் கிடந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தேன், சந்தனம். வருடாவருடம் ஆயுத பூஜைக்கு அதே இடத்தில் வைத்த பொட்டு, அதன்மேல் குங்குமம், அதன்மேல் அடுத்த வருடச் சந்தனம். ஆல்கஹாலில் பஞ்சை நனைத்து அரைமணி நேரம் மேலே வைத்ததும் ஏடு ஏடாக உரிந்து வந்தது.

மஞ்சளாயிடுச்சு. பெராக்சைடு போட்டு வெயில்ல வச்சா வெள்ளையாகுமாமே?

ஆகும். பார்லர் சாமான் கடையில் கிடைக்கும் 12 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கிரீமைத் தடவி, மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி வெயிலில் வைப்பார்கள். சித்திரை வெயிலில் சில மணி நேரத்திலேயே வித்தியாசம் தெரியும். கையுறை கட்டாயம், தோலில் பட்டால் எரியும். கிரீம் காய்ந்த இடத்தில் திட்டுத் திட்டாக வெளுக்கும், அதைத் திரும்பச் சரிசெய்ய முடியாது.

என்னைக் கேட்டால் வேண்டாம். மஞ்சள் மறுபடி வரும், பிளாஸ்டிக்கும் பலவீனமாகலாம். மாடல் எம்மின் எழுத்துக் கீகள் பிபிடி என்ற பிளாஸ்டிக், அவை மஞ்சளாவது அரிது. ஸ்பேஸ்பார் மட்டும் ஏபிஎஸ் என்ற வேறு பிளாஸ்டிக்காக இருந்தால் பழுத்த வாழைப்பழ நிறத்தில் நிற்கும். அது அப்படியே இருக்கட்டும், அதன் வயதுக்கு அது அழகு.

டிவிஎஸ் கோல்டுல ஒரு தடவை அழுத்தினா ரெண்டு எழுத்து விழுது.

ஸ்விட்சுக்குள் இருக்கும் தொடுதகட்டில் தூசியோ பாசியோ படிந்திருக்கிறது. கீகேப்பைக் கழற்றி, தண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு இரண்டு சொட்டு ஆல்கஹால் விட்டு, ஐம்பது நூறு முறை வேகமாக அழுத்துங்கள். ஒரு நாள் காயவிட்டுச் சோதியுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். வீட்டில் துருப்பிடித்த தாழ்ப்பாளுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை இங்கே காட்டவே கூடாது, அந்தப் பிசுக்கில் தூசி இன்னும் ஒட்டும்.

சரியாகாவிட்டால் ஸ்விட்சையே மாற்றலாம். இரண்டே கால்கள். ஈயத்தை உருக்கி உறிஞ்சி எடுத்துவிட்டு, அதே அளவில் புது நீல ஸ்விட்ச் வைத்துப் பற்றவைக்க வேண்டியதுதான். செர்ரியின் காப்புரிமை முடிந்துவிட்டதால் ஒத்துப்போகும் ஸ்விட்சுகளைப் பல கம்பெனிகள் செய்கின்றன. புதிய ஸ்விட்ச் வாங்க மனமில்லாதவர்கள் செய்யும் ஒரு வேலை எனக்குப் பிடிக்கும்: யாரும் தொடாத ஸ்க்ரோல் லாக் ஸ்விட்சை எடுத்து அடிக்கடி அடிபடும் கீக்கு வைத்துவிட்டு, பழுதானதை ஸ்க்ரோல் லாக்கில் உட்காரவைத்துவிடுவது.

மாடல் எம்ல ஒரே ஒரு கீ மட்டும் 'டக்'னு கேட்கல, பொதக்னு இருக்கு.

ஸ்பிரிங் சரியாக உட்காரவில்லை. கீகேப்பின் உள்ளே சின்ன முனை ஒன்று இருக்கும், ஸ்பிரிங்கின் தலை அதில் போய் மாட்ட வேண்டும். கேப்பைக் கழற்றி, ஸ்பிரிங் குழாயின் நடுவில் நிற்கிறதா என்று பார்த்து, நேராக அழுத்திப் பொருத்துங்கள். நாலு முறையாவது முயன்ற பிறகுதான் வேறு சந்தேகப்பட வேண்டும். கழுவிவிட்டுக் கேப்புகளைத் திரும்ப மாட்டும்போது அநேகமாக எல்லோருக்கும் இரண்டு மூன்று கீகளில் இது நடக்கும். ஷிஃப்ட், என்டர் போன்ற பெரிய கீகளுக்குள் சிறு பிளாஸ்டிக் உருளை ஒன்று இருக்கும், கழுவும் தண்ணீரோடு அதைக் கொட்டிவிடாதீர்கள்.

ஸ்பிரிங் நன்றாக இருந்தும் பல கீகள் பொதக்கென்றால் அடுத்த கேள்விக்குப் போங்கள்.

ஆட்டினா உள்ளே கலகலன்னு ஏதோ உருளுது.

ஸ்டேப்ளர் பின்னாக இருந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் ரிவெட் தலைகள். மாடல் எம்மின் உள்ளே குழாய்கள் உள்ள பிளாஸ்டிக் தட்டும் அடியில் இரும்புத் தகடும் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது பிளாஸ்டிக் முளைகள். தகட்டின் துளை வழியே நீட்டி, தலையை உருக்கி நசுக்கியிருப்பார்கள். வயதானால் அந்தத் தலைகள் ஒவ்வொன்றாகத் தெறிக்கும். தெறித்த பக்கம் தகடு விலகும், சுத்தியலுக்கும் ஏட்டுக்கும் இடைவெளி கூடும், கீ பொதக்கென்றாகும்.

திறந்து பார்க்க 5.5 மில்லிமீட்டர் பாக்ஸ் ஸ்பேனர் வேண்டும். பின்விளிம்பில் நாலு திருகுகள், குழிக்குள் ஆழமாக இருப்பதால் ஸ்பேனரின் சுவர் மெல்லியதாக இருக்க வேண்டும். அவற்றைக் கழற்றியதும் மேல்மூடியைப் பின்பக்கமிருந்து தூக்கினால் முன்பக்கக் கொக்கிகள் விடும். இரண்டு மூன்று ரிவெட் மட்டும் போயிருந்து எல்லாக் கீயும் நன்றாக அடித்தால், உருளும் துண்டுகளைப் பொறுக்கிவிட்டு மூடிவிடுங்கள். ஓடுகிற வண்டியை எதற்குப் பிரிக்க வேண்டும்?

நிறைய போயிருக்கு. ரிவெட்டுக்குப் பதிலா போல்ட் போடுறதை நானே செய்யலாமா?

செய்யலாம், ஒரு நாள் முழுக்க ஒதுக்கினால். முதலில் எல்லாக் கீகளையும் கழற்ற வேண்டும். கன்ட்ரோலர் அட்டைக்குப் போகும் மெல்லிய பட்டை ஒயரை நேராக, பதறாமல் உருவ வேண்டும். மிச்சமுள்ள ரிவெட் தலைகளைக் கூரான உளியால் சீவிவிட்டு, குழாய்ப் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்துத் தகட்டைத் தூக்குங்கள். கீழே ஏடு, அதற்கடியில் ஒரு ரப்பர் விரிப்பு, அதற்கும் அடியில் சுத்தியல்களும் ஸ்பிரிங்குகளும். நிமிர்த்திவைத்துத் திறந்துவிட்டால் அவை எல்லாம் தரையில். என் முதல் முயற்சியில் ஒரு ஸ்பிரிங் கட்டிலுக்கு அடியில் போனது, இன்னும் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முளைகள் இருந்த இடங்களில் 1.5 அல்லது 1.6 மில்லிமீட்டர் துளை. மின்சார டிரில் வேண்டாம், கையால் திருகும் டிரில் போதும். ஸ்பேஸ்பாரை ஒட்டிய கடைசி வரிசையில் பிளாஸ்டிக் மெல்லியது, அவசரப்பட்டால் விரிசல் விடும். 8 மில்லிமீட்டர் நீள எம்2 போல்ட்டும் நட்டும் ஐம்பது அறுபது வாங்கிக்கொள்ளுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். தகடு வளைவாக இருப்பது கோளாறு இல்லை, அப்படித்தான் செய்யப்பட்டது. துருப்பிடித்திருந்தால் இந்தச் சந்தர்ப்பத்திலேயே உப்புத்தாள் தேய்த்துப் பெயின்ட் அடித்துவிடலாம். கடற்கரை ஊரில் இந்த வேலை அநேகமாக எல்லாக் கீபோர்டுக்கும் தேவைப்படுகிறது.

டீ கொட்டிடுச்சு. இப்பவே என்ன பண்றது?

கம்ப்யூட்டரை அணைத்து, கேபிளைப் பிடுங்கி, கீபோர்டைக் கவிழ்த்துவையுங்கள். டிவிஎஸ் கோல்டு என்றால் பிழைக்க வாய்ப்பு அதிகம்: திறந்து அட்டையை ஆல்கஹாலால் துடைத்து, நனைந்த ஸ்விட்சுகளுக்கு மேலே சொன்ன வைத்தியம். மாடல் எம்மில் டீ ஏட்டின் அடுக்குகளுக்குள் புகுந்தால் தானாக வெளியே வராது, மின்தடங்களை அரிக்கும். ஓரிரு தடம் மட்டும் போயிருந்தால் மின்சாரம் கடத்தும் பெயின்ட்டால் ஒட்டலாம். ஆனால் அதற்கு, போல்ட் போடும் கேள்வியில் சொன்ன அத்தனை வேலையும் செய்தாக வேண்டும்.

விண்டோஸ் கீ இல்லையே? தமிழ் அடிக்கிறதுக்குச் சரிவருமா?

101 கீ மாடல் எம் செய்யப்பட்டபோது விண்டோஸ் 95 வரவில்லை, அதனால் அந்தக் கீயும் இல்லை. விண்டோஸில் பவர்டாய்ஸ் என்ற மைக்ரோசாஃப்ட் மென்பொருளைப் போட்டு, கேப்ஸ் லாக்கை விண்டோஸ் கீயாக மாற்றிக்கொள்ளலாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

தமிழுக்கும் கீபோர்டுக்கும் சம்பந்தமே இல்லை. எந்தக் கீ அழுத்தப்பட்டது என்று மட்டும்தான் அது சொல்லும், எழுத்தாக மாற்றுவது கம்ப்யூட்டர். தமிழ்99, பழைய டைப்ரைட்டர் முறை, அஞ்சல் என எந்தத் தட்டச்சு முறையானாலும் ஓடும். தமிழ்99இல் ஒரு எழுத்துக்கு இரண்டு கீ தட்டுவது அதிகம் என்பதால், ஒவ்வொரு தட்டும் காதில் விழுவது உண்மையிலேயே உதவுகிறது.

கேம் ஆடும்போது மூணு கீ சேர்த்து அழுத்தினா ஒண்ணு வேலை செய்ய மாட்டேங்குது.

பழுது இல்லை. மாடல் எம்மின் ஏட்டில் சில மூன்று கீ சேர்க்கைகளைப் பிரித்தறிய முடியாது, அதனால் மூன்றாவதை விட்டுவிடும். சரிசெய்ய வழியும் இல்லை. கேமுக்கு வேறு கீபோர்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அஞ்சு பின் உள்ள தடிமனான முனையோட ஒண்ணு கிடைச்சிருக்கு. 83 கீதான் இருக்கு.

ஐபிஎம் என்று எழுதியிருந்தால் உடனே எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். 1981இல் முதல் ஐபிஎம் பிசியோடு வந்த மாடல் எஃப் அது. ஏட்டுக்குப் பதில் மின்தேக்க முறையில் இயங்குவதால் முந்தைய கேள்வியில் சொன்ன குறை இதில் கிடையாது. ஆனால் அதன் பாஷை பிஎஸ்/2க்கும் முந்தையது. முனையை மட்டும் மாற்றிச் சொருகினால் எதுவும் நடக்காது. டீன்சி போன்ற சின்ன சர்க்யூட் அட்டையில் மொழிபெயர்ப்பு மென்பொருள் ஏற்றிய கன்வெர்ட்டர் வேண்டும். உள்ளே இருக்கும் பஞ்சு விரிப்பு பொடிந்து போயிருக்கும், அதையும் வெட்டி மாற்ற வேண்டும்.

இவ்வளவு பாடு எதுக்கு, புதுசாவே கிடைக்காதா?

கிடைக்கும். லெக்ஸ்மார்க் இந்தத் தொழிலை விட்டபோது, 1996இல் அச்சுகளையும் இயந்திரங்களையும் யூனிகாம்ப் என்ற நிறுவனம் வாங்கியது. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டனில் இன்றும் அதே ஸ்பிரிங்குடன், யுஎஸ்பி முனையோடு செய்கிறார்கள். உதிரி ஸ்பிரிங்கும் அவர்களிடம் வாங்கலாம். அனுப்பும் செலவும் சுங்கமும்தான் கையைக் கடிக்கும். சத்தம் மட்டும் போதும் என்பவர்கள் அதையே வாங்கலாம்.

கடைசியா ஒண்ணு. ராத்திரி அடிச்சா வீட்ல திட்டுறாங்க. சத்தத்தைக் குறைக்க முடியுமா?

மாடல் எம்மில் முடியும். பல் இடுக்கில் விடும் ஃப்ளாஸ் நூலைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு ஸ்பிரிங்குக்குள்ளும் ஒன்றைச் செருகுவார்கள். ஸ்பிரிங்கின் 'கிண்' என்ற அதிர்வு அடங்கிவிடும், 'டக்' மிச்சமிருக்கும். நூற்றுக்கும் மேற்பட்ட ஸ்பிரிங்குகள், ஒரு சாமணம், இரண்டு மணி நேரம். நான் செய்தேன். வீட்டில் திட்டு நிற்கவில்லை.